எட்டாவது கேள்வி

சங்கனாச்சேரி
12 ஜூலை 1987

சேச்சிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. லீலாம்மா நன்றாக இருக்கிறாள். மகளுக்கு நாலு வயது, நீ பார்த்ததில்லை. அம்மாவின் அடக்கத்தன்று முற்றத்தில் நின்று நான் பேசிய பேச்சுக்குப் பிறகு ஐந்து வருடம் உனக்கு ஒரு வரி எழுதாதவன் இன்று எழுதுகிறேன் என்றால் காரணம் லீலாம்மாதான். "உங்க சேச்சி நாக்பூர்ல அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில ஹெட் நர்ஸ். நீங்க என்னடான்னா முதுகைப் பிடிச்சுக்கிட்டு பூனை மாதிரி முனகுறீங்க. எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா?" என்று பேனாவைக் கையில் திணித்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

விஷயம் இவ்வளவுதான். ஈஸ்டர் முடிந்த வாரம் படகிலிருந்து அரிசி மூட்டை இறக்கும்போது பலகையில் கால் வழுக்கியது. மூட்டை ஒரு பக்கம் சாய்ந்தது, கூடவே நானும் சாய்ந்தேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை முகம் கழுவக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மூன்று மாதமாக அந்த வலி இடுப்புக்கு மேலேயே குடியிருக்கிறது. சந்தையில் எவனுக்குத்தான் முதுகு வலிக்கவில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

கூட மூட்டை தூக்குகிற பரமுவும் மொய்துவும் என்னைச் சுமக்க விடுவதில்லை. மற்றவன் தலையில் மூட்டையைத் தூக்கிவைக்கும் இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், அதிலும் பாதி பாரத்தை மொய்துவே வாங்கிக்கொள்கிறான். இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். மூன்று மாதம் பாரம் எடுக்காதவனின் யூனியன் அட்டை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த அடுத்த ஆள் ராஜப்பன், நாலு வருடமாக யூனியன் கொட்டகை வாசலில் பீடி இழுத்துக்கொண்டு எங்கள் நடையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் முன்னால் நான் பட்டாளத்துக்காரன் மாதிரி நிமிர்ந்து நடக்கிறேன். அவன் தலை திரும்பிய பிறகுதான் மூச்சு விடுகிறேன்.

கர்க்கடக மாதம் பிறந்ததும் குறுப்பு வைத்தியரிடம் பதினாலு நாள் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் உழிச்சலுக்குச் சொல்லி வைத்திருக்கிறது. போகலாமா, வேறு மாத்திரை உண்டா என்று ஒரு வரி எழுதினால் போதும். இப்போது சேட்டனின் கட்டிலில்தான் படுக்கிறேன். பலகைக் கட்டில் என்பதால் கொஞ்சம் ஆறுதல்.

சாக்கோ


நாக்பூர்
18 ஜூலை 1987

சாக்கோ,

ஒரு வரி போதும் என்கிறாய். ஒரு வரி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். மறந்துவிட்டாயா?

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நர்சிங் இரண்டாம் வருடம். வீட்டுக்கு மூத்தவர் தேவஸ்ஸி சேட்டனுக்கு ரெண்டு மாதமாக முதுகு வலிக்கிறது, என்ன செய்யலாம் என்று அம்மா சொல்லச் சொல்ல நீதான் எழுதினாய். நான் பதில் போட்டேன். தசைப் பிடிப்பாக இருக்கும், ஓய்வு எடுக்கட்டும், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள் என்று. அதை நீ அம்மாவுக்குப் படித்துக் காட்டினாய், அம்மா வைத்தியருக்குப் படிக்க வைத்தாள், சர்ச்சில் பாதிரியார் அச்சனுக்குக்கூடப் படிக்க வைத்தாளாம். "நர்ஸு படிக்கிற எம் பொண்ணே எழுதிட்டா, இனி எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று. அந்தக் காகிதத்தை நம்பி நாலு மாதம் எண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள். முதுகெலும்பில் காசநோய் இருந்த மனிதரை. கடைசியில் தூக்கிக்கொண்டு போனபோது கால் ரெண்டும் போயிருந்தது. அப்புறம் ரெண்டு வருடம் அந்தப் பலகைக் கட்டில்.

அம்மாவின் அடக்கத்தன்று நீ சொன்னது வார்த்தை மாறாமல் காதில் இருக்கிறது. "உன் எழுத்தை நம்பித்தானே சேட்டனைக் கொன்னோம்." அத்தனை பேர் நடுவில். அதனால் உன் முதுகுக்கு என்ன மருந்து என்று நான் எழுத மாட்டேன். இந்தக் கையால் எழுத மாட்டேன்.

கேள்விதான் கேட்பேன். எட்டு. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது. ஒன்று, அசையாமல் படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா, அசைந்தால் மட்டுமா? ரெண்டு, சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறதா, தூக்கத்தில் வேர்க்கிறதா? மூன்று, உடம்பு இளைத்திருக்கிறதா? நாலு, வலி காலில் இறங்குகிறதா, முழங்காலைத் தாண்டுகிறதா? ஐந்து, நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று போகிறதா? ஆறு, முதுகில் எங்காவது எலும்பைத் தட்டினால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறதா? ஏழு, இருமும்போதும் தும்மும்போதும் வலி ஓடுகிறதா? எட்டு, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் படுகிற இடம் மரத்துப்போயிருக்கிறதா, மூத்திரம் போவதில் ஏதாவது மாற்றம் உண்டா? இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் தினம் இருபது பேரிடம் கேட்கிறேன்.

முதுகுவலிக்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இதெல்லாம் எதுவும் இருக்காது. படுத்தே கிடக்காமல் நடமாடிக்கொண்டிருந்தால் சில வாரத்தில் தானாகச் சரியாகும். ஆனால் எட்டாவதுக்கு ஆம் என்றால் எனக்குப் பதில் எழுதிக்கொண்டு உட்காராதே. அன்றைக்கே, அந்த மணிக்கே மெடிக்கல் காலேஜுக்குப் போ. உழிச்சல் வேண்டாம்.

குழந்தைக்கு என்ன பேர் வைத்தாய் என்று எழுதவில்லையே.

திரேசியாம்மா


சங்கனாச்சேரி
26 ஜூலை 1987

சேச்சிக்கு,

பேர் ஷைனி. உன் மூக்கு. உன் பிடிவாதமும்தான்.

நீ அனுப்பிய பரீட்சைத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மத்தியானம் மழைக்குக் கொட்டகையில் ஒதுங்கியபோது மொய்து உருவிவிட்டான். அப்புறம் கேட்க வேண்டுமா? பதினோரு பேரும் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். மொய்து வக்கீல் மாதிரி ஒவ்வொரு கேள்வியாகப் படிக்க, எல்லோரும் பதில் சொல்கிறார்கள். உடம்பு இளைத்திருக்கிறதா என்றதும் பரமு தன் தொப்பையைத் தட்டி, "நாலு மாசமா இது மட்டும்தான்டா இளைக்க மாட்டேங்குது" என்கிறான். செருப்பு கழல்கிறதா என்றதற்கு ஔதக்குட்டி, "செருப்பு வாங்குனாத்தானே கழலுறதுக்கு" என்கிறான். எட்டாவது கேள்வியைப் படித்தபோது சிரித்த சிரிப்பில் ராஜப்பன்கூட வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். "டேய் சாக்கோ, உன் சேச்சி இதையெல்லாமாடா கேப்பாங்க? நாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா எங்களையும் கேப்பாங்களா?" என்று மொய்து முகத்தை மூடிக்கொண்டான்.

என் பதில் இதோ. படுத்திருந்தாலும் வலிக்கிறது, ஆனால் ஒருக்களித்துப் படுத்தால் குறைகிறது. காய்ச்சல் இல்லை. இளைக்கவில்லை, லீலாம்மா விட மாட்டாள். வலி இடது காலில் கணுக்கால்வரை இறங்குகிறது. இடது செருப்பு கழல்கிறது, ரெண்டு தடவை படகுத்துறைத் தண்ணீரிலேயே போய்விட்டது. எலும்பைத் தட்டினால் ஒன்றும் இல்லை. தும்மினால் மின்னல்தான்.

உழிச்சல் தொடங்கிவிட்டது, கோபப்படாதே. நாலு நாள் ஆயிற்று. கர்க்கடகத்தில் எல்லோரும் உழிச்சலுக்குப் போகும்போது நான் மட்டும் வேண்டாம் என்றால் ராஜப்பனுக்கு மூக்கில் வேர்க்கும்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சிரிக்காதே. மத்தியானங்களில் அந்தக் கட்டிலில் படுத்தால் சேட்டன் இருக்கிறார். பேய் என்று நான் சொல்லவில்லை, லீலாம்மாவுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அவர் புரண்டு படுக்க முடியாமல் பலகையை விரலால் தட்டுவாரே, யாராவது வந்து திருப்பி விடுங்கள் என்று. அந்தத் தட்டல் என் முதுகுக்கு உள்ளேயிருந்து கேட்கிறது. அவர் ஏறி உட்கார்ந்திருக்கிறார் சேச்சி. இருக்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் எத்தனையோ மூட்டையை இறக்கிவைத்தவன். இந்த மூட்டையை ஆஸ்பத்திரியில் போய் இறக்கிவைத்துவிட்டு வருவது சரியா என்று தெரியவில்லை.

சாக்கோ


நாக்பூர்
31 ஜூலை 1987

சாக்கோ,

இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் தந்தி வந்திருக்கும். லீலாம்மா பேருக்கு அனுப்பினேன், உன்னை நம்பி அனுப்பவில்லை. மொய்துவை உடன் கூட்டிக்கொண்டு, நீ மறுத்தால் மூட்டை மாதிரி கட்டித் தூக்கியாவது கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.

எட்டுக் கேள்வி கேட்டேன். ஏழு பதில் இருக்கிறது. கொட்டகையில் எல்லோரும் சிரித்த கதையை எழுதினாய், உன் பதிலை எழுதவில்லை. பதினாலு வருடமாக நோயாளிகளோடு இருக்கிறவள் நான். சொல்வதை அவ்வளவாக நம்ப மாட்டேன், சொல்லாமல் விடுவதைத்தான் பார்ப்பேன். ஏன் அந்த ஒன்றை விட்டாய்? செருப்பு கழல்வது ஒன்றே போதும், நீ எப்போதோ போயிருக்க வேண்டும். எட்டாவதும் இருக்குமானால் நாள் கணக்கில்கூட இல்லை, மணிக்கணக்கு. அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நீ சேட்டனைப் பற்றி எழுதியதற்குச் சிரிக்கவில்லை. இங்கே எனக்கும் வருகிறார். யாராவது முதுகுவலி என்று வார்டுக்கு வந்தால், அவர்கள் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஒன்றும் கேட்பதில்லை. நான் கேட்கிற கேள்விகளைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். அந்தக் கடிதத்தில் வேறு ஏதோ எழுதினேன் என்று எனக்கு ஒரு ஞாபகம் உண்டு. காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற மாதிரி. ஹாஸ்டல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதியது, மை தீர்ந்து தோழியின் பேனாவைக் கடன் வாங்கியது எல்லாம் தெரிகிறது. வார்த்தை தெரியவில்லை. நான் தப்பித்துக்கொள்வதற்காகப் பிற்பாடு என் மனசே கட்டிய ஞாபகம் இது என்று அதை அடித்து விரட்டுவேன். திரும்ப வரும், திரும்ப விரட்டுவேன். எழுதியிருந்தால் நீங்கள் படித்திருப்பீர்கள் அல்லவா.

போய்விட்டாயா? போய்விட்டேன் என்று எழுது.

திரேசியாம்மா


மெடிக்கல் காலேஜ், ஆண்கள் வார்டு
11 ஆகஸ்ட் 1987

சேச்சிக்கு,

போய்விட்டேன். அதாவது கொண்டுவந்துவிட்டார்கள். தந்தி வந்த அன்றே மொய்து ஜீப் பிடித்தான். அன்று சாயங்காலமே முதுகில் கீறி, நரம்பை அழுத்திக்கொண்டிருந்ததை எடுத்தார்கள். உன் இரண்டாவது கடிதத்தை லீலாம்மா இங்கே கொண்டுவந்தாள். குப்புறப் படுத்து எழுதுகிறேன், கோணலாக இருக்கும்.

வலது கால் நன்றாக அசைகிறது. இடது பாதத்தை இன்னும் தூக்க முடியவில்லை. மூத்திரத்துக்குக் குழாய் போட்டிருக்கிறது. "குழாய் எப்ப டாக்டர் எடுப்பீங்க?" என்று கேட்டேன். "நீங்க எப்ப மரத்துப்போச்சுன்னு முதல்ல சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். உன் கேள்விகள் வந்து சேர்ந்த அன்று காலையிலேயே மரத்திருந்தது சேச்சி. கொட்டகையில் எல்லோரும் சிரித்தபோது எனக்குத் தெரியும். அதற்கப்புறம் பத்து நாள் சும்மா இருந்தேன்.

ஏன் விட்டாய் என்று கேட்டிருக்கிறாய். நான் இப்படி விடுவது முதல் தடவை இல்லை.

உன் ஞாபகம் சரி. நீ எழுதினாய். அடுப்பில் போடுவதற்கு முன்னால் எத்தனை தடவை படித்தேனோ, இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன். "சாயங்காலம் காய்ச்சல் வந்தாலோ, கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ இது தசைப் பிடிப்பு இல்லை. ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோங்கள். எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டாம். நான் இன்னும் படிக்கிறவள்தான் அம்மா, என் பேச்சையே முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்." காகிதத்தைத் திருப்பினால் பின்பக்கம் மேலே இந்த நாலு வாக்கியம்.

அன்றைக்கே சேட்டனுக்குச் சாயங்காலக் காய்ச்சல் இருந்தது. நான் முன்பக்கத்தைப் படித்தேன், காகிதத்தைத் திருப்பினேன், கண்ணில் பட்டது. அதைத் தாண்டி, "எல்லாருக்கும் என் அன்பு" என்று முடித்துவிட்டேன். மார்ச்சில் எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. முதல் வகுப்பு வாங்குவான் என்று ஹெட்மாஸ்டர் அம்மாவிடமே சொல்லியிருந்தார். சேட்டன் ஆஸ்பத்திரியில் படுத்தால் அவர் அட்டையில் சந்தைக்குப் போக வீட்டில் நான் மட்டும்தான். பரீட்சை முடிந்த மறுநாள் அந்த நாலு வரியையும் படித்துவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அம்மா அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். வைத்தியர் வந்தால், அச்சன் வந்தால், பக்கத்து வீட்டுக்காரி வந்தால். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் தாண்டினேன்.

ஒருநாள் சேட்டன் கட்டிலிலிருந்து கேட்டார். "டேய், அவ்வளவுதான் எழுதியிருக்காளா? அவ லேசுல பேனாவ கீழ வைக்க மாட்டாளே."

"அவ்வளவுதான் சேட்டா" என்றேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், "சரி, போய்ப் படி" என்றார்.

கடைசிப் பரீட்சைக்கு ரெண்டு நாள் இருக்கும்போது கிணற்றடியில் கால் மடிந்து விழுந்தார். அதற்கப்புறம் அதைப் படித்து என்ன பயன்? எனக்கு முதல் வகுப்பு வந்தது. ஜூனில் அவர் அட்டையில் ஏறினேன். அன்றிலிருந்து சந்தைதான். அம்மாவின் அடக்கத்தன்று உன்னை அத்தனை பேர் நடுவில் அப்படிப் பேசியதும் இதனால்தான். நீ ஏதோ கேட்க வாயெடுத்தாய். கடிதத்தைப் பற்றிக் கேட்கப் போகிறாய் என்று பயந்து முந்திக்கொண்டேன்.

அதனால்தான் பத்து நாள் சும்மா இருந்தேன். சேட்டனுக்குக் கொடுக்க வேண்டியதைக் காலால் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நீ அதையும் விடவில்லை.

சாக்கோ


நாக்பூர்
17 ஆகஸ்ட் 1987

சாக்கோ,

உன் கடிதத்தை வார்டு மேசையில் நின்றபடி படித்தேன். அப்புறம் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நாலு வாக்கியத்தை மட்டும் மறுபடி படித்தேன்.

முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. பத்தொன்பது வயதில் அந்தப் பெண் எல்லாவற்றையும் சரியாக எழுதியிருக்கிறாள். காய்ச்சல், மரத்தல், தள்ளாட்டம், ஒன்றையும் விடவில்லை. பதினாலு வருடம் நான் அவளை நம்பவில்லை. அவள் வந்து வந்து சொன்னாள், பொய்க்காரி என்று துரத்தினேன்.

கோபம் சாயங்காலம் வந்தது. இன்னும் போகவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதி இந்தக் கடிதத்தை முடித்துவிடலாம், உனக்குத் தூக்கம் வரும். எழுத மாட்டேன். பதினைந்து வயதுப் பையன் பரீட்சைக்குப் பயந்தது எனக்குப் புரிகிறது. இருபத்து நாலு வயது ஆன ஆள் அம்மாவின் பெட்டி பக்கத்தில் நின்று என்னைப் பேசியதுதான் புரியவில்லை.

லீவு கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறேன். நான் வருகிறவரை ரெண்டு மணிக்கு ஒரு தடவை உன்னைத் திருப்பிப் படுக்க வைக்க லீலாம்மாவிடம் சொல். குதிகாலையும் இடுப்பையும் தினம் பார்க்கச் சொல், சிவந்திருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடச் சொல். குழாயை நீயாகத் தொடாதே. நடையா, மூத்திரமா, எது எவ்வளவு திரும்பி வரும் என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. மாதங்கள் ஆகும். கால் போனால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்காதே. உன் காலை யாரும் கேட்கவில்லை. சேட்டன் கேட்டிருக்க மாட்டார். அந்த அட்டையை ராஜப்பனிடம் கொடுத்துவிடு. உனக்கு முதல் வகுப்புச் சான்றிதழ் இருக்கிறது, மற்றதை நான் வந்த பிறகு பார்க்கலாம்.

சேட்டனுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்துதான் போய்ப் படி என்றிருக்கிறார். அவரோடு நீ எப்படியாவது சமாதானம் செய்துகொள்வாய்.

அம்மாவுக்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை. கடைசி மூன்று வாரம் நான் லீவு போட்டு வந்து பக்கத்திலேயே இருந்தேன், நீயும் பார்த்தாய். என் கையால் ஒரு மாத்திரை வாங்கவில்லை, ஒரு வாய்க் கஞ்சி வாங்கவில்லை. கரண்டியை நீட்டினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நீ வாங்கி ஊட்டினாய், குடித்தாள். அந்த நாலு வரியை இனி அம்மாவுக்கு யார் படித்துக் காட்டுவது, சாக்கோ?

திரேசியாம்மா